முதியோர் தற்கொலைத் தடுப்பு: தேடிச் செல்லும் தொண்டின் தேவை

ஐதராபாத் நகரின் மேற்கே உள்ள ராமச்சந்திராபுரம், 1960களில் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலையால் வளர்ந்த ஊர். தமிழர் உட்படப் பல மாநிலத்தவர் இங்குள்ள நகரியத்தில் குடியேறினர். இத்தகைய நகரியங்களில் பணியும் வீடும் சுற்றமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அறுபது வயதில் பணி நிறைவுறும்போது நிறுவனக் குடியிருப்பையும் ஒப்படைக்க வேண்டியுள்ளது. பதவி, வருவாய், இல்லம், தோழமை ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாறுகின்றன. பெரும்பாலோர் இம்மாற்றத்தை நன்கு கடந்து விடுகின்றனர். கடக்க இயலாது தவிப்போரைக் காலத்தே கண்டறிவதே முதியோர் தற்கொலைத் தடுப்பின் முதற்படியாகும்.

காரணங்கள் குவியும் விதம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10.38 கோடிப் பேர். அதாவது மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர். உலகின் பல நாடுகளில் முதிய வயதினரிடையே, குறிப்பாக ஆண்களிடையே, தற்கொலை விகிதம் மிகுந்துள்ளது. இதற்குத் தனியொரு காரணம் இல்லை. மனச்சோர்வு, தீராத வலி, துணையின் மறைவு, தனிமை, பொருள் முடை, குடும்பத்தில் அவமதிப்பு, மதுப்பழக்கம், முன்னர் உயிர்மாய்க்க முயன்றமை ஆகியவை முக்கிய இடர்க்காரணிகள். இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போதே ஆபத்து பெருகுகிறது. பிறர்க்குச் சுமையாகிவிட்டோம் என்னும் எண்ணம் அதனை மேலும் கூர்மையாக்குகிறது.

மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. சிகிச்சையால் தணியக்கூடிய நோய். ஆயினும் முதியோர் பலர் மனத்துயரைச் சொல்வதில்லை. உறக்கமின்மை, பசியின்மை, உடல்வலி என்றே மருத்துவரிடம் முறையிடுகின்றனர். தற்கொலை செய்துகொண்ட முதியோருள் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் மருத்துவரைக் கண்டிருந்தனர் என மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உதவும் வாய்ப்பு அங்கேயே இருந்தது. கேட்கப்பட வேண்டிய வினாதான் கேட்கப்படவில்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று பரிவுடன் வினவுவது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. மாறாக, அடக்கி வைத்த துயரைப் பேச வழி திறக்கும்.

இத்தாலி தரும் பாடம்

இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் முதியோருக்கெனத் தொலைபேசித் தொண்டு ஒன்று இயங்கியது. அவசர உதவிக் கருவி வழங்கியதோடு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ இருமுறை தாமே அழைத்து நலம் வினவினர். 1988 முதல் 1998 வரை இதில் சேர்ந்த 18,641 பேரிடையே சுமார் 21 தற்கொலைகள் எதிர்பார்க்கப்பட்டன, நிகழ்ந்தவை 6. எனினும் பயன் பெண்களிடமே தெளிவாகப் புலப்பட்டது. சேர்ந்தோருள் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களிடம் அத்தகைய பயன் உறுதிப்படவில்லை. உதவி கேட்கத் தயங்கும் ஆணை எட்டுவதற்கு வேறு வழிகளும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டின் வசதிகள்

முதியோருக்கான உதவி அழைப்புத் தொண்டு 2017இல் ஐதராபாத்திலேயே தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் 14567 என்னும் எண்ணுடன் நாடளாவிய திட்டமாக விரிந்தது. மனநல ஆலோசனைக்கான 14416 என்னும் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, தற்கொலை இறப்புகளை 2030க்குள் பத்து விழுக்காடு குறைக்க இலக்கு வகுத்துள்ளது.

இவை யாவும் பெருமளவில் அழைப்பவர்க்கே உதவுவன. அழைக்காதவரை நாடிச் செல்வது உள்ளூர்க் கடமை. பணி ஓய்வு, துணையின் மறைவு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பல் ஆகிய தருணங்கள் முன்னரே அறியக்கூடியவை. அவற்றையடுத்த மாதங்களில் ஓய்வு பெற்றோர் சங்கமும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளரும் முறைவைத்து வீடு தேடிச் செல்லலாம். ஆண்களுக்கு அவர்தம் தொழில் அனுபவம் பயன்படும் பொறுப்புகளை வழங்கலாம். திடீரென உடைமைகளைப் பங்கிடுதல், மருந்தை மறுத்தல், விடைபெறுவதுபோற் பேசுதல் ஆகிய அறிகுறிகள் தோன்றின், அவரைத் தனியே விடாது உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். ஆலைக்கு உழைத்தவரை ஓய்வுக்குப் பின்னும் ஊர் மறவாதிருத்தல் நலத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே கருதத்தக்கது.