சாலையில் சைக்கிளும் மோட்டாரும்

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர்ச் சாலையில் அமைந்த ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கிருப்பதால் மனுக் கொடுப்போரும் அலுவலரும் நாள்தோறும் வந்து போகின்றனர். பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கு வரும் வெளியூர் வண்டிகளால் நெரிசல் பன்மடங்காகிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும் உழவருக்கும், அரசு வழங்கும் விலையில்லா சைக்கிளில் பள்ளி செல்லும் மாணவ மாணவியர்க்கும் இத்தகைய சாலைகளே வழி.

சைக்கிளின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டம் நாட்டிற்கே காட்டியது. அங்கு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். சாலைக்கு அஞ்சிப் பெற்றோர் பெண்ணின் படிப்பை நிறுத்துவாராயின், அத்தகைய முன்னேற்றம் வீணாகிவிடும். சாலைப் பாதுகாப்பும் கிராம வளர்ச்சியின் ஓர் அங்கம் என நாம் கருதுவது இதனாலேயே.

2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துக்களால் 1,68,491 பேர் மாண்டனர். இவ்விபத்துக்களுக்கு முதற் காரணம் மிகு வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் இத்தூரம் போய்விடுகிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மோட்டாரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. சைக்கிளில் செல்பவர்க்கு அவர் உடலே கவசம். ஆகவே, வலிமை மிக்கவர்க்கே பொறுப்பும் மிகுதி.

மோட்டார் ஓட்டிகள் கடமை

சைக்கிளைக் கடக்கும்போது ஐந்தடி இடைவெளியேனும் விடுக. பிரான்சு, ஜெர்மனி முதலிய நாடுகளில் ஊர்ப்புறச் சாலைகளில் இத்தகைய இடைவெளி சட்டத்தாலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. இடமில்லையெனில் பின்னால் பொறுத்திருத்தல் வேண்டும். அருகில் வந்து திடீரென ஹாரன் அடித்தால் சைக்கிளோட்டி நிலை தடுமாறுவார். இரவில் எதிரே சைக்கிள் வரின் விளக்கொளியைத் தாழ்த்துக. நின்ற காரின் கதவைத் திறக்குமுன் பின்புறம் நோக்குக.

சைக்கிளோட்டிகள் கடமை

எப்போதும் இடப்புறமே செல்க. சாலையைக் கடக்கச் சோம்பி எதிர்த் திசையில் வருவது பேராபத்து. வலப்புறம் திரும்புமுன் பின்னால் பார்த்து, கையை நீட்டிக் குறிப்புக் காட்டுக. ஹாண்டில்பாரில் பைகளையும் குடங்களையும் மாட்டுதல் தகாது. பிரேக்கும் மணியும் வாரம் ஒரு முறை சோதிக்கப்பட வேண்டும். அந்தி சாய்ந்தபின் முன் விளக்கும், மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பு வில்லையும், வெளிர்நிற உடையும் இன்றியமையாதவை. நாம் சாலையைப் பார்த்தால் மட்டும் போதாது. பிறர் நம்மைப் பார்க்க வேண்டும்.

ஊரார் செய்யத்தக்கவை

அறுவடைக் காலத்தில் நெல்லையும் மணிலாவையும் சாலையில் காயவைப்பதால், சைக்கிள் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறது. களங்களைப் பயன்படுத்துவதே முறை. ஓரத்துப் புதர்களை வெட்டி, பள்ளங்களை நிரப்பவும், பள்ளியருகே வேகத்தடையும் விளக்கும் அமைக்கவும் கிராம சபையில் தீர்மானம் கொண்டு வரலாம். ஆசிரியர்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, திரும்பும் முறையையும் கைக்குறிப்பையும் பயிற்றுவிக்கலாம்.

விபத்து நேரின் 108-ஐ அழைத்து உடனே உதவுக. நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்கு, 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது.

சாலை பொதுச் சொத்து. அதில் காருக்குள்ள உரிமை பால்காரரின் சைக்கிளுக்கும் உண்டு. காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளை மாலையில் நலமே வீடு திரும்புவதற்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாவோம்.