ஒரு வெள்ளி நாணயம்

நாக்பூரில் அஜ்னி ரயில்வே குடியிருப்பில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஓர் இணையர், சிங்கப்பூரில் பணிபுரியும் தம் மகளைக் காணச் சென்றிருந்தனர். பெரியவர் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாக்பூரிலேயே பிறந்து இந்தி வழியில் பயின்றவர். வீட்டில் தமிழ் பேசுவார். ஆயினும் தமிழில் ஓர் எழுத்தும் படிக்க அறியார். அம்மையார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். திருமணத்திற்குப் பின் இந்தி பேசக் கற்று, சந்தையில் விலை பேசும் அளவுக்குத் தேறிவிட்டார். பேருந்தின் பெயர்ப்பலகை மட்டும் அவருக்கு வசப்படவில்லை. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதற்குள் பேருந்து புறப்பட்டுவிடும். எங்கே செல்வதானாலும் கணவர் உடன் வர வேண்டும். இல்லையேல் அருகில் நிற்பவரைக் கேட்க வேண்டும்.

அன்று மகளுக்கு அலுவலகம் இருந்தது. "இருவரும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். அம்மா, அப்பாவை விட்டு எங்கும் தனியே போய்விடாதே" என்று சொல்லி அனுப்பினாள்.

ஹவ்காங் நிலையத்தின் நடைமேடையில் இருவரும் வியந்து நின்றனர். ஆனால் அவர்கள் வியந்தது ஒரே பொருளைக் கண்டு அன்று. வந்து நின்ற ரயிலில் ஓட்டுநர் இல்லை. வடகிழக்குத் தடம் என்னும் அந்தச் சுரங்க ரயில் பாதை, 2003-ஆம் ஆண்டு தொடங்கிய நாள் முதல் ஓட்டுநர் இன்றியே இயங்குகிறது. வாழ்நாளெல்லாம் ரயில் ஓட்டிய பெரியவர் முதல் பெட்டிக்கு விரைந்து, முன்புறக் கண்ணாடி வழியே இருளில் நீளும் தண்டவாளத்தை நோக்கியபடி நின்றார். அம்மையாரோ பெயர்ப்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆங்கிலத்துடனும் சீனத்துடனும் தமிழிலும் நிலையத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

சிங்கப்பூரில் குடியிருப்போருள் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேரே. எனினும் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அந்நாட்டின் ஆட்சிமொழி. பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் கற்பிக்கப்படுகிறது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் இன்றும் வெளிவருகிறது.

முதலில் லிட்டில் இந்தியாவில் இறங்கினர். சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரமும் வாழையிலையும் விற்றனர். வீரமாகாளியம்மன் கோயிலில் வழிபட்டுவிட்டு, தேக்கா சந்தையில் காப்பி அருந்தினர். கடைக்காரர் விலையை 'வெள்ளி' என்று கூறியபோது பெரியவர் திகைத்தார். சிங்கப்பூர்த் தமிழர் டாலரை அவ்வாறே அழைப்பர். அம்மையார் நாளிதழ் ஒன்றை வாங்கி, முதற்பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினார்.

அடுத்துச் செல்ல வேண்டியது அருங்காட்சியகம். "அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். டோபி காட். அது இந்திச் சொல், வண்ணார் துறை என்று பொருள்" என்றார் பெரியவர். முற்காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்ததால் அமைந்த பெயர் அது.

ரயில் வந்ததும் அவர் வழக்கம்போல் முன்பக்கம் விரைந்து ஏறிவிட்டார். அம்மையார் காலெடுத்து வைப்பதற்குள் கண்ணாடிக் கதவுகள் மூடிக்கொண்டன. ரயில் அவரை விட்டுச் சென்றது. கைப்பேசியோ கணவரின் சட்டைப்பையில் இருந்தது.

ஒரு கணம் அவருக்கு நெஞ்சு படபடத்தது. பழக்கத்தால், கேட்பதற்கு ஓர் ஆளைத் தேடித் திரும்பினார். பிறகு நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். அவர் நிற்கும் இடத்தின் பெயர் அதில் இருந்தது. தடத்தின் படத்தில் அதற்கு அடுத்ததாக 'டோபி காட்' என்று இருந்தது. எழுத்துக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை; கண் பட்டதும் புரிந்தது. அடுத்த ரயில் வந்தவுடன் ஏறிக்கொண்டார்.

டோபி காட்டில் பெரியவர் தவித்துக்கொண்டிருந்தார். திரும்பிச் செல்வதா, அங்கேயே காத்திருப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை. மனைவி எவரிடமேனும் வழி கேட்டு அழுதுகொண்டிருப்பாள் என்றே எண்ணினார். கதவு திறந்தது. நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி அம்மையார் இறங்கினார்.

"யாரைக் கேட்டு வந்தாய்?"

"யாரையும் கேட்கவில்லை. எழுதியிருந்தது, படித்தேன்."

பெரியவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்து அவரிடம் கொடுத்து, "இது உன்னிடமே இருக்கட்டும்" என்றார்.

தேசிய அருங்காட்சியகத்தில் 'சிங்கப்பூர்க் கல்' என்னும் கல்வெட்டுத் துண்டு உள்ளது. ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பெரும்பாறையின் எஞ்சிய பகுதி அது. 1843-இல், ஆங்கிலேயர் கட்டுமானப் பணிக்காக அப்பாறையை வெடிவைத்துத் தகர்த்தனர். சில துண்டுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. எஞ்சிய துண்டிலுள்ள எழுத்தை இதுவரை எவராலும் ஐயமறப் படிக்க இயலவில்லை. அறிவிப்பை ஆங்கிலத்தில் படித்த பெரியவர் அதனைத் தமிழில் எடுத்துரைத்தார். அம்மையார் கல்லை நெடுநேரம் உற்றுநோக்கினார்.

"உங்களுக்கெல்லாம் இந்த ஒரு கல். எனக்கு நாக்பூர் முழுவதும் இப்படித்தான் இருந்தது" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் கூறினார். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் சைனாடவுன் சென்றனர். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில், நாராயண பிள்ளை 1827-இல் நிறுவிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமே சூலியா பள்ளிவாசலும் அதே சாலையில் உள்ளது. இரண்டையும் கண்டு, இருட்டுவதற்குள் மரினா விரிகுடாத் தோட்டத்தை அடைந்தனர். எஃகினால் ஆன பெருமரங்கள் அங்கே உயர்ந்து நிற்கின்றன. மிக உயர்ந்தது 50 மீட்டர். அவற்றின் உடலெங்கும் உயிருள்ள செடிகொடிகள் படர்ந்துள்ளன. இசைக்கேற்ப மரங்கள் நிறம் மாறி ஒளிர்ந்தபோது, கூடியிருந்தோர் தரையில் படுத்தபடி மேலே நோக்கினர். இணையரும் அவ்வாறே படுத்தனர். முழங்கால் வலியால் எழுந்திருப்பதுதான் கடினமாயிற்று.

திரும்பும் வழியில் இளநீர் வாங்கினர். மீதிச் சில்லறையில் ஒரு வெள்ளி நாணயம் வந்தது. ஒருபுறம் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன். மறுபுறம் நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருந்தது. பெரியவர் விளக்கடியில் நின்று, மூக்குக்கண்ணாடியை அணிந்து, நாணயத்தை மனைவியிடம் நீட்டினார்.

"இதில் 'சி' எது?" என்று கேட்டார்.

சொற்பொருள்

இணையர் – கணவனும் மனைவியும்
நடைமேடை – ரயில் ஏற நிற்கும் மேடை
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்கும் இடம்
ஐயமற – சந்தேகம் இல்லாமல்

பயிற்சி

1. ஹவ்காங் நிலையத்தில் இருவரும் எவற்றைக் கண்டு வியந்தனர்?
2. அருங்காட்சியகத்தில் அம்மையார் கூறியதைக் கேட்டுப் பெரியவருக்கு ஏன் சிரிப்பு வரவில்லை? நான்கு தொடர்களில் எழுதுக.
3. உம் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாவர், பேச மட்டும் தெரிந்தவர் யாவர் எனக் கேட்டறிந்து எழுதுக.