வெறுமையான இருக்கை

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தன் அருகில் ஓரிடத்தை ஒழித்து வைக்குமாறு பணித்தான். அது, தான் நேரிற் கண்டறியாத நண்பராகிய பிசிராந்தையாருக்கு உரிய இடம். நெடுந்தொலைவிலுள்ள பாண்டிநாட்டுப் புலவர் வருவாரோ எனச் சான்றோர் ஐயுற்றனர். அவரோ வந்து தாமும் வடக்கிருந்தார். நண்பன் இல்லாத இடத்தை நெஞ்சு உணர்தலும், உணர்ந்தவழி நாடிச் சேறலும் நட்பின் இயல்புகளாம். இவை இக்காலத்திலும் அழிந்தில.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று சென்னையின் தென்புறநகராகிய தாம்பரத்திற் பெருமழை பொழிந்தது. மறுநாட் காலை வரை 24 மணி நேரத்திற் பெய்த மழை ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் ஆகும். நவம்பர் மழையால் முன்னரே நிறைந்திருந்த ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாற்றிற் பாய்ந்தது. கரைகடந்த வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய பகுதிகளிற் புகுந்தது. நீர் தேங்கும் தாழ்நிலங்களில் வீடுகள் பெருகியிருந்தமையால் துன்பம் பன்மடங்காயிற்று. மின்சாரம் நின்றது, புகைவண்டிகள் ஓடவில்லை, கைப்பேசிகள் பயனற்றுப் போயின.

கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் வெளியூர்களிலிருந்து வந்து, வாடகை அறைகளில் தங்கும் இளைஞர் இப்புறநகரிற் பலர். அவருள் ஒருவன் இரண்டு நாள் காணப்படாவிடின் அதனை யார் அறிவார்? பெற்றோர் தொலைவில் உள்ளனர். அண்டை வீட்டாரோ அவன் பெயரையும் அறியார். “அவன் எங்கே?” என்று முதலில் வினவுபவன் நண்பனே. அவ்வினாவே ஓர் உயிரைக் காக்கவும் கூடும். ஆயினும், நண்பனின் கைப்பேசி எண்ணை மட்டும் அறிந்தவன் அத்தகைய நாளிற் செய்வதறியாது திகைப்பான். அவன் வாழும் தெருவையும் வீட்டையும் அறிந்தவனோ மீட்போர்க்கு வழிகாட்டுவான்.

அந்நாளில் இராணுவத்தினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் படகுகளில் வந்தனர். கடற்கரை மீனவர் தம் படகுகளை ஊருக்குள் கொணர்ந்து பலரை மீட்டனர். இளைஞர் பலர், வெள்ளத்திற் சிக்கியோரின் பெயரையும் இருப்பிடத்தையும் இணையத்தின் வாயிலாகத் திரட்டி, உதவுவோர்க்கு அறிவித்தனர். அவர்கள் யாருக்காக உறக்கம் துறந்தனரோ, அவர்களுட் பெரும்பாலோரின் முகத்தைக்கூடக் கண்டதில்லை. காணாமலே நட்பாய பிசிராந்தையாரின் வழித்தோன்றல்கள் இவர்கள் எனின் மிகையாகாது.

வெள்ளம் வடியும்; அது கற்பித்த பாடம் வடிதல் ஆகாது. உடன் பயிலும் தோழனின் இல்லம் எங்குளது என அறிதல் மாணவர் கடன். வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாக இருப்பின், ஏன் என வினவுதலும், மாலையில் அவன் வாயிலுக்குச் சென்று காணுதலும் அக்கடனின் பயனாம்.