எண்ணெய் நிலையத்தில் 200 வெள்ளி: தட்டிச் செலுத்தும் முறை ஓர் ஆய்வு

முன்னுரை

எண்ணெய் நிலையத்தில் பணம் செலுத்தும் முறை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 2018ஆம் ஆண்டு பெட்ரோனாஸ் நிலையங்களுக்கான 'செட்டெல்' செயலி அறிமுகமானது. காருக்குள் அமர்ந்தபடியே பம்ப் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தலாம் என்பது அன்று புதுமையாக இருந்தது. 2022ஆம் ஆண்டு ஆப்பிள் பே, கூகள் பே ஆகியவை மலேசியாவிற்கு வந்தபின், வங்கி அட்டையைக் கைப்பேசிக்குள் பதிந்து வைத்துக்கொண்டு கருவியின்மேல் தட்டிச் செலுத்துவதும் பழக்கமாயிற்று.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு இது வசதிதான். ஆனால், ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்து, தினமும் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் ஊற்றும் நம் பெற்றோருக்கும் இது அதே வசதியாக இருக்கிறதா? இந்தக் கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

தோட்டத்துக் கணக்கு

பணம் செலுத்தும் முறை எதுவானாலும், அதில் எது முதலில், எது பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும். பேராக் மாநிலத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி காலத்தில் பொருள் முதலில் வந்தது. பணம் பிறகு போனது. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து, பால் வெட்டி, நிறுவைக்குக் கொண்டுவந்தால் கிராணி கணக்கில் பதிவார். மாதக் கடைசியில்தான் சம்பளம். அதுவரை அரிசியும் பருப்பும் கடனில் வந்தன. கடைக்காரர் 555 என்று அட்டையில் போட்ட சிறிய புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பள நாளன்று கணக்கு முடியும். மறுநாள் புதிய பக்கம் தொடங்கும்.

அந்த முறையைப் புகழ்ந்து பேச நான் விரும்பவில்லை. என்ன விலை எழுதினார்கள் என்று படித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் பலர். கடன் தீராமலே தலைமுறைகள் கழிந்த வீடுகளும் உண்டு. ஆயினும், கையில் காசு இல்லாத நாளிலும் அடுப்பு எரிந்தது. கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், அதுவே பிணை.

1980, 1990ஆம் ஆண்டுகளில் ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறின. லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் புந்தோங், செமோர், சுங்கை சிப்புட் போன்ற இடங்களில் குடியேறின. முன்பு வேலைக்காடு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. இப்போது வேலை தாசேக், ஜெலாப்பாங் தொழிற்பேட்டைகளில் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவிற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் ஓடினால்தான் சம்பளம். ஆகவே, எண்ணெய் அரிசிக்கு நிகரான அன்றாடத் தேவையாகிவிட்டது.

மூன்று வழிகள்

பொதுவாக நாம் 'போனில் கட்டுவது' என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அதில் மூன்று வேறுபட்ட வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தட்டிச் செலுத்துவது. வங்கி அட்டையிலோ கைப்பேசியிலோ உள்ள சிறிய ஆண்டெனா, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்திற்குள் மட்டும் கருவியோடு பேசும். கைப்பேசியில் தட்டும்போது நம் உண்மையான அட்டை எண் கருவிக்குப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணும், அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் இரகசியக் குறியீடும் போகின்றன. பொதுவாகக் கைப்பேசியின் பூட்டைத் திறக்காமல் பணம் போகாது. ஆனால், வெறும் அட்டையைத் தட்டினால் 250 வெள்ளி வரை பின் எண் கேட்பதில்லை. எனவே, அட்டை தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும். இந்த வரம்பைக் குறைக்கவும் வங்கியிடம் கேட்கலாம்.

இரண்டாவது, செயலி வழி செலுத்துவது. செட்டெல் போன்ற செயலி நாம் எந்த நிலையத்தில் நிற்கிறோம் என்பதை இருப்பிடத்தைக் கொண்டு அறிந்து, பம்ப் எண்ணைக் கேட்கும். தொகையை நாமே தேர்ந்தெடுக்கலாம். இதற்கு இணையத் தொடர்பு கட்டாயம் தேவை. தட்டிச் செலுத்தும்போதோ கைப்பேசியில் அந்த நேரத்தில் இணையம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். வங்கியோடு பேசுவது நிலையத்தின் கருவி. தரவு முடிந்துபோன முன்கட்டணக் கைப்பேசி வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

மூன்றாவது, முகப்பில் கியூஆர் குறியீட்டை வருடுவது. இதில் எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று காசாளரிடம் சொல்லி, அந்தத் தொகையை மட்டும் செலுத்துகிறோம்.

எண்ணெய் ஊற்றும் இடத்தில் கைப்பேசி தீப்பற்ற வைக்கும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். அவ்வாறு கைப்பேசியால் தீப்பற்றியதாக உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வு எதுவும் இல்லை. எண்ணெய் ஊற்றும்போது ஏற்பட்ட தீ விபத்துகள் பலவற்றிற்கு உடலில் சேரும் நிலைமின்சாரமே காரணம் எனக் கண்டறியப்பட்டுள்ளது. ஆயினும், பணத்தைச் செலுத்தி முடித்துக் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு எண்ணெய் ஊற்றுவதே முறை. கவனமும் சிதறாது.

200 வெள்ளி எங்கே போயிற்று?

இனி இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறேன். பம்பில் உள்ள கருவியில் அட்டையைத் தட்டும்போது, நாம் எவ்வளவு எண்ணெய் ஊற்றப்போகிறோம் என்று வங்கிக்குத் தெரியாது. ஆகவே, நிலையம் முன்கூட்டியே ஒரு தொகையை நிறுத்தி வைக்கச் சொல்லும். நம் நாட்டில் இது வழக்கமாக 200 வெள்ளி. எண்ணெய் ஊற்றி முடித்ததும் உண்மையான தொகை வங்கிக்குப் போகும், மீதி விடுவிக்கப்படும். சில வேளைகளில் உடனே விடுபடும். சில வேளைகளில் இரண்டு மூன்று வேலை நாட்கள் ஆகும்.

கடன் அட்டை வைத்திருப்பவர் இதைக் கவனிப்பதே இல்லை. பற்று அட்டையில் நிலைமை வேறு. அங்கே நிறுத்தப்படுவது வங்கியின் பணமன்று, நம்முடைய சம்பளம்.

கடந்த நீண்ட விடுமுறையில் ஈப்போவிற்கு வெளியே ஓர் எண்ணெய் நிலைய முகப்பில் பகுதி நேரமாக வேலை செய்தேன். சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் அதிகமான கேள்விகள் வரும். "தம்பி, அக்கவுண்டுல 180 வெள்ளி இருக்கு, பத்து வெள்ளிக்கு எண்ணெய் ஊத்த முடியலையே, கார்டு கெட்டுப்போச்சா?" என்று ஓர் ஐயா கேட்டார். அட்டை கெடவில்லை. 200 வெள்ளி இல்லாததால் பம்ப் மறுத்துவிட்டது. முகப்பில் அதே அட்டையைத் தட்டிப் பத்து வெள்ளி கட்டியதும் எண்ணெய் வந்தது.

என் அத்தைக்கு நேர்ந்தது இன்னும் சிக்கலானது. கணக்கில் 230 வெள்ளி இருந்தது. பம்பில் தட்டி 8 வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றினார். 222 வெள்ளி இருக்கும் என்று நம்பி மருந்துக் கடைக்குப் போனார். அங்கே 46 வெள்ளிக்கு மருந்து, அட்டை மறுக்கப்பட்டது. அன்று அவரால் பயன்படுத்த முடிந்தது 30 வெள்ளி மட்டுமே. பணம் திருடு போய்விட்டதென்று இரவெல்லாம் அழுதார். இரண்டு நாள் கழித்துப் பணம் விடுபட்டது. மருந்து இரண்டு நாள் தாமதமாயிற்று.

இதில் சட்டத்தை மீறியவர் எவரும் இல்லை. ஆனால், வரிசை தலைகீழாகிவிட்டதை நாம் காண வேண்டும். 555 புத்தகத்தில் பொருள் முதலில், பணம் பிறகு. பம்பில் பணம் முதலில் நிறுத்தப்படுகிறது. அதுவும் வாங்கும் பொருளைப் போல் இருபது மடங்குக்கும் மேலாக. கணக்கில் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இது தெரியாது. 230 வெள்ளி வைத்திருப்பவருக்கு அது வாரச் செலவு.

அடையாள அட்டையும் 1.99 வெள்ளியும்

2025 செப்டம்பர் 30 முதல் 'பூடி95' திட்டம் மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை லிட்டர் 2.05 வெள்ளிக்கு விற்ற ரோன்95 பெட்ரோல், தகுதியுள்ளவர்களுக்கு 1.99 வெள்ளி ஆயிற்று. தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை இந்த விலை. மானியம் இல்லாத விலை அப்போது 2.60 வெள்ளி. இதற்கு மைகார்டும் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் வேண்டும். மானியம் வண்டிக்கு அன்று, ஆளுக்கு. பம்பிலோ முகப்பிலோ மைகார்டைச் செருகலாம். செட்டெல் போன்ற செயலி வழியாகவும் உறுதிப்படுத்தலாம். முகப்பில் உறுதிப்படுத்தியபின் ரொக்கமாகவும் கட்டலாம்.

ஆக, பணம் இருப்பதோடு, யார் என்று நிறுவுவதும் எண்ணெய் ஊற்றுவதன் ஒரு பகுதியாகிவிட்டது. இது நம் சமுதாயத்தின் பழைய புண்ணைத் தொடுகிறது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பதிவு சரியாக இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடோ எந்தப் பத்திரமும் இல்லாமலோ வாழ்வோர் இன்னும் இருக்கின்றனர். 2011ஆம் ஆண்டு 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கமே இதற்காக நடத்தப்பட்டது. மாதம் 40 லிட்டர் ஊற்றும் ஒருவருக்கு, தொடக்கத்தில் இருந்த லிட்டருக்கு 61 காசு வேறுபாட்டின்படி 24 வெள்ளி 40 காசு. சிவப்பு அட்டைக்காரர் ஒவ்வொரு மாதமும் இத்தகைய வேறுபாட்டைக் கூடுதலாகக் கட்டுகிறார்.

தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிக் கழகத்தினராகிய நமக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. வங்கிகள் '200 வெள்ளி முன் அங்கீகாரம்' என்று எழுதுகின்றன. என் அத்தைக்கு இந்தச் சொல் ஒன்றையும் உணர்த்தவில்லை. 'பிடித்தம்' என்று சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் தவறாகப் போயிற்று. தோட்டத்தில் பிடித்தம் என்றால் சம்பளத்தில் கழித்துக்கொண்டது, கைக்குத் திரும்பாதது. கடைசியில் "பணம் போகல அத்தை, நிறுத்தி வச்சிருக்காங்க" என்று சொன்னபோதுதான் புரிந்தது. 'நிறுத்தி வைத்த பணம்' என்ற எளிய தொடர் போதும்.

அவ்வாறே, 'தொடர்பற்ற கட்டணம்' என்னும் மொழிபெயர்ப்பைவிட மக்கள் வழங்கும் 'தட்டிக் கட்டுவது' தெளிவானது. 'செட்டல் பண்ணிட்டேன்' என்று நாம் அன்றாடம் சொல்வதைத்தான் அந்தச் செயலியும் பெயராகக் கொண்டிருக்கிறது. கணக்கு முடிந்தது என்பதே பொருள். ஆனால், பற்று அட்டையில் தட்டியவருக்குக் கணக்கு அன்றே முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவுரை

தட்டிச் செலுத்தும் முறை பாதுகாப்பானது, விரைவானது. அதை வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. கணக்கில் குறைவாகப் பணம் உள்ளவர் முகப்பிற்குச் சென்று, வேண்டிய தொகையைச் சொல்லிக் கட்டினால் 200 வெள்ளி நிறுத்தப்படாது. செயலியைப் பயன்படுத்துபவர் சிறு தொகையை மின்பணப்பையில் ஏற்றி, அதிலிருந்தே செலுத்தலாம். ஏதேனும் குறை என்றால் இரசீதை வைத்துக்கொண்டு வங்கியைக் கேட்க வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். வீட்டில் உள்ளவரின் அட்டை கடன் அட்டையா, பற்று அட்டையா என்று பாருங்கள். நிறுத்தி வைத்த பணம் என்றால் என்ன என்பதைத் தமிழில் விளக்குங்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதி ஆகியிருக்கிறதா, அடையாள அட்டை சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. அரை மணி நேரம் போதும்.