விளையாட்டும் புகைப்படமும்

ஆண்டுதோறும் கல்லூரியில் நிகழும் விளையாட்டு விழாவன்று, காமிராவைக் கையிற்கொண்டு மைதானத்தின் ஓரத்தே நிற்கும் மாணாக்கர் சிலரைக் காண்கிறோம். கொடியேற்றத்தையும் பரிசளிப்பையும் அவர்கள் செவ்வனே படம் பிடித்துவிடுவர். ஓட்டமும் தாண்டலும் தொடங்கியவுடனே அவர்கள் கை தளர்கிறது. மாலையில் எடுத்தவற்றைப் பார்க்குங்கால், ஓடினவர் இருந்த இடத்தில் ஒரு மங்கலும், தாண்டினவருடைய பாதம் மாத்திரமுமே எஞ்சி நிற்கும். விலையுயர்ந்த கருவி உடையோர்க்கே இது கைகூடும் என்று முடிவு செய்து, அத்துடன் முயற்சியைக் கைவிடுவோர் பலர். கருவியால் நேரும் குறை சிறிதே. பெருங்குறை வேறிடத்தில் உளது.

முதற்கண் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் சிறந்த ஓட்டக்காரர் ஒருவர், காமிராவின் ஷட்டர் 1/125 வினாடி திறந்திருக்குமாயின், அதற்குள் 8 செண்டிமீட்டர் கடந்துவிடுகிறார். அதனையே 1/1000 வினாடியாகக் குறைத்தால் 1 செண்டிமீட்டரே கடப்பார். வீசி முன்செல்லும் பாதமோ உடலினும் விரைந்து செல்வது. ஆதலின் குறுக்கே ஓடுவாரைத் தெளிவாய் எடுக்க 1/1000 வேகமாவது வேண்டும். நம்மை நோக்கி நேரே ஓடிவருவாரை இதனினும் குறைந்த வேகத்திலும் எடுக்கலாம். மாலை வெளிச்சம் மங்கியபின் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தவேண்டி வரும். படத்தில் மணிமணியாய்ப் புள்ளிகள் தோன்றும். அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. புள்ளி விழுந்த கூரிய படம், புள்ளியற்ற மங்கலினும் மேலானது.

இவ்வளவும் செய்தும் படம் தவறுவதேன்? ஒன்றைக் கண்ணாற் கண்டு விரலை அசைப்பதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய 1/5 வினாடி செல்கிறது. அதற்குள் மேற்கூறிய ஓட்டக்காரர் 2 மீட்டர் அப்பால் இருப்பார். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட கிரிக்கெட் பந்தோ ஏறத்தாழ 8 மீட்டர் சென்றிருக்கும். கண்டபின் அழுத்துவோம் என்றிருப்பவர் என்றும் பிந்தியவரே. வினாடிக்கு 10 படங்கள் தொடர்ந்து எடுக்கும் காமிரா இக்குறையை நீக்கும் என்பாரும் உளர். அக்காமிராவிலும் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அப்பந்து 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் ஓடிவிடுகிறது. மட்டையிற் பந்து படும் கணம் அவ்விடைவெளியில் நழுவிப்போதல் மிக எளிது.

ஆகவே, நிகழப்போவதை முன்னரே அறிந்து விரலை அழுத்துதலே வழி. இவ்வறிவு கடையில் விற்கப்படுவதன்று. விளையாடிப் பழகினவரிடத்தில் தானே அமைந்து கிடப்பது. சடுகுடு ஆடினவருக்கு, பாடிச் சென்றவர் எதிரியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் கணம் அவர் தோளின் சாய்விலேயே புலனாகும். ஹாக்கி ஆடினவர், பெனால்டி கார்னர் என்றவுடன் பந்து எங்கு நிறுத்தப்படும், எங்கிருந்து அடிக்கப்படும் என்பதை உணர்வர். காமிராவில் வல்லவராயினும் ஆட்டம் அறியாதவர் பந்தின் பின்னேயே அலைவர். ஆதலின் கற்கத் தொடங்குவோர், தாம் ஆடும் ஆட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்ளுதல் நன்று.

எந்த ஆட்டமும் ஆடாதவர்க்கு உயரத் தாண்டலே ஏற்ற பாடசாலை. மேலெழும்பிக் கீழிறங்கும் காலத்திற் சரிபாதியை ஒருவர் தாம் எழும்பிய உயரத்தின் மேற்காற் பங்கிலேயே கழிக்கிறார். பௌதிக வகுப்பில் இருப்போர் இதனைத் தாமே கணக்கிட்டுக் காணலாம். உச்சியில் உடல் நின்றாற்போலத் தோன்றுவதன் காரணம் இதுவே. 1/500 வேகத்திலும் அங்கே உருவம் தெளிவாய் விழும். குறுக்குக் கழியோ இடம் மாறாதது. அதன்மேல் போகஸை முன்னரே நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம். ஒவ்வோர் உயரத்தையும் தாண்ட மூன்று முறை வரை வாய்ப்பளிக்கப்படுவதால், ஒரே மாலையில் பயில்வார்க்கு ஐம்பது, அறுபது முயற்சிகள் கிடைக்கும். நூறு மீட்டர் ஓட்டத்திலோ கிடைப்பது ஒன்றே. விழா நாளுக்கு முந்திய சில வாரங்களில், மாலைப் பயிற்சியின்போது இவ்வாறு பழகினவரிடத்தில் அச்சம் தானே விலகும். தம் விரல் எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்பதை அவர் கணக்காய் அறிந்திருப்பாரன்றோ?

இனி, நிற்குமிடம். இதற்கு அமெரிக்கப் படக்கலைஞர் நீல் லைஃபர் என்பாரின் வரலாறு நல்ல சான்று. நியூயார்க்கு நகரத்தில் வறிய சூழலில் வளர்ந்த அவர், நாற்காலி வண்டியில் வரும் முன்னாட் போர்வீரர்களைத் தள்ளிச் செல்லும் உதவியைச் செய்து, யாங்கீ மைதானத்தினுள் கட்டணமின்றி நுழைந்தார். 1958 டிசம்பர் 28, அவருடைய பதினாறாம் பிறந்தநாள். அன்று நிகழ்ந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில், ஆலன் அமீச்சி வெற்றிக் கோட்டைக் கடந்த கணத்தை அச்சிறுவர் படமாக்கினார். வீரர் வந்து முடியவேண்டிய இடம் எதுவோ, அங்கே அவர் நின்றதே காரணம். 1965 மே மாதத்தில், வீழ்ந்து கிடந்த சானி லிஸ்டனின் முன் முகம்மது அலி கையை மடக்கி நின்று முழங்கியதை எடுத்தவரும் அவரே. அப்படத்தை உற்று நோக்கின், அலியின் கால்களுக்கிடையே எதிர்ப்பக்கத்திலுள்ள மற்றொரு படக்கலைஞரின் முகம் தெரியும். அனுபவத்தில் லைஃபரினும் மூத்தவரான அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகே. இடம் வாய்த்தது ஓரளவு நல்லூழ் என்பது மெய். வாய்த்தபோது விரல் ஆயத்தமாய் இருந்தது பயிற்சி.

நம் மைதானத்திலும் இடத்தை முற்பகலிலேயே தேர்ந்துகொள்ளலாம். வெயில் நம் முதுகுப்புறம் இருக்கவேண்டும். பின்னே பந்தற் கால்களும் நீர்த்தொட்டியும் தோன்றாதிருக்கவேண்டும். முழந்தாளிட்டு எடுப்பின் தாண்டுவார் வானத்தின்மேல் எழுந்து நிற்பர். ஓட்டக்காரர் துப்பாக்கியோசைக்குக் காத்துக் குனிந்திருக்கையில் ஷட்டரின் ஓசையும் எழலாகாது. ஃபிளாஷ் விளக்கு என்பது அங்கே வேண்டவே வேண்டா.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெற்றி பெற்ற குழுவினர் கேடயத்தை நடுவே வைத்து, கைகளைக் கட்டி, நாற்காலிகளில் வரிசையாய் அமர்ந்த படங்களே கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. அவர்கள் ஆடின ஆட்டம் அவற்றில் எங்கே? மூன்றாண்டு கழிந்தால் அவ்விளைஞர் கலைந்து செல்வர். தோற்றவருக்கோ குழுப்படமும் இல்லை. இடறி விழுந்தவரின் படத்தை அவரைக் கேளாமல் வெளியிடுதல் தகாது. விழுந்தெழுந்து ஓடி முடித்தவருக்கோ அதுவே வாழ்நாள் முழுதும் போற்றத்தக்கதாய் இருத்தலும் கூடும். கேட்டறிதலே முறை.

ஓட்டம் முடிந்ததென்று பெரும்பாலோர் காமிராவைத் தாழ்த்திவிடுகின்றனர். இன்னும் பத்து வினாடி பொறுத்திருப்பின், முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கும் முதல்வரிடம் நான்காவதாய் வந்தவர் நடந்து சென்று, தம் தண்ணீர்ப் புட்டியை நீட்டுவதும் கிடைக்கும்.