நீரில் இறங்காத நீர்நில ஊர்தி: விற்பவரின் பொறுப்பு எவ்வளவு?

கேள்வி: இங்கிலாந்தில் வாழும் 79 வயதுச் சேகரிப்பாளர் ஒருவரிடம், 1960களில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஆல்விஸ் ஸ்டால்வர்ட் என்னும் ஆறு சக்கர நீர்நில ஊர்தி இருக்கிறது. பழைய பெட்ரோல் இன்ஜினுக்குப் பதில் டீசல் இன்ஜின் பொருத்தப்பட்டு, நீரில் தள்ளும் பொறிகளும் கழற்றப்பட்டுவிட்டன. வாங்க முன்வந்தவர்களில் ஒருவர் நெதர்லாந்துக்காரர். “இருக்கும் நிலையில் விற்பனை” என்று ரசீதில் எழுதிவிட்டால் பிற்பாடு வழக்கு வராமல் இருக்குமா?

பதில்: அந்த ஒரு வரி போதாது. பொருளின் தரம் திருப்தியாக இருக்க வேண்டும் என்னும் உட்கிடையான நிபந்தனை, 1979ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, தொழிலாக விற்பவரை மட்டுமே கட்டுப்படுத்துவதால், தன் சேகரிப்பைக் கலைக்கும் தனிநபர் அதிலிருந்து தப்புகிறார். ஸ்டால்வர்ட்டில் ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்பட்டிருப்பதால் கெட்டிச் சாலையில் பற்சக்கரங்கள் விரைவில் தேயும். விற்ற இரண்டாம் வாரத்தில் அவற்றில் ஒன்று உடைந்தால், அதைப் பற்றி விற்பவர் எதுவும் உறுதி கூறாத வரை, அந்த நட்டம் வாங்கியவரையே சேரும். ஆனால் பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்னும் 13ஆம் பிரிவு தனிநபருக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சிக்கல் “நீர்நில ஊர்தி” என்ற சொல்லிலேயே இருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது அந்தப் பெயர் உண்மை. நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பொறிகள் நீங்கிய பிறகு அது வரலாறு மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏரியில் மிதந்தபோது எடுத்த படத்தை விளம்பரத்தில் இடுவதும், தேதி குறிப்பிடாவிட்டால், இன்றைய திறனைப் பற்றிய கூற்றாகவே கொள்ளப்படக்கூடும். 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டப்படி, பொய்யான கூற்றை நம்பி ஒப்பந்தம் செய்தவர் இழப்பீடு கோரும்போது, அதை உண்மையென்று நம்பத் தனக்குத் தக்க காரணம் இருந்ததென மெய்ப்பிக்கும் சுமை சொன்னவர்மேல் விழுகிறது. தெரிந்தே சொன்ன பொய்யை எந்த விலக்கு வாசகமும் காப்பாற்றாது. ஆகவே பொறிகள் இல்லை, கூட்டின் அடியில் இன்ன துளைகள் திறந்துள்ளன, இன்ன ஆண்டுக்குப் பின் வண்டி நீரில் இறக்கப்படவில்லை, நீரில் இறக்கத் தக்கதன்று என்று வெளிப்படையாக எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் பெறுவதே “இருக்கும் நிலையில்” என்பதைவிடப் பன்மடங்கு வலுவான காப்பு.

சாலை தொடர்பான சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவை விதிகளுக்கு உட்படாத நிலையில் ஒரு வண்டியை விற்பதே 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம். சீர்செய்யப்படும் வரை அது சாலையில் ஓட்டப்படாது என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததெனக் காட்டுவது எதிர்வாதமாகும் என்பதால், வண்டி டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்பட்டதை ரசீதில் பதிவது நல்லது. இன்ஜின் மாற்றம் ஓட்டுநர் மற்றும் ஊர்தி உரிமத் துறைக்குத் தெரிவிக்கப்பட்டு, வி5சி என்னும் பதிவுச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். நம்மூர் ஆர்.சி. புத்தகத்தை நினைவூட்டும் அந்தச் சான்று, பதிவுபெற்ற பொறுப்பாளரைக் காட்டுமேயன்றி உரிமையாளரை மெய்ப்பிக்காது. வாங்கியபோது பெற்ற பழைய ரசீதையும் தேடி எடுக்க வேண்டும்.

நெதர்லாந்துக்காரருக்கு விற்பது தனி விவகாரம். ஆயுதம் இல்லாவிட்டாலும், இராணுவப் பயனுக்கென வடிவமைக்கப்பட்ட தரை ஊர்தி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அடங்கும். 1946க்கு முன் செய்யப்பட்ட ஊர்திகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 1960களின் ஸ்டால்வர்ட்டுக்கு அது கிடைக்காது. உரிமம் இன்றிக் கப்பலேற்றுவது குற்றமாகும் என்பதால், ஏற்றுமதியாளர் யார், உரிமம் பெறுவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே தீர்மானித்துக்கொள்வது அவசியம்.

வரியைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வீண். பயணிகள் காருக்குரிய மூலதன ஆதாய வரிவிலக்கு இத்தகைய சுமைவண்டிக்குப் பொருந்தாவிட்டாலும், இயந்திரங்கள் அனைத்தும் 50 ஆண்டுக்குக் குறைந்த ஆயுளுடைய “தேயும் சொத்து” என்று 1992ஆம் ஆண்டின் சட்டம் கருதுவதால், தொழிலில் பயன்படுத்தப்படாத ஊர்தியின் ஆதாயத்துக்கு வரி எழாது. வரிக்குப் பயந்து விற்பனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதுமைதான் இங்கே உண்மையான கால வரம்பு. ஏறத்தாழ 9 டன் எடையுள்ள இவ்வூர்தியை ஓட்டத் தேவையான ‘சி’ வகை உரிமம் 65 வயதுக்குப் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது காலாவதியாகியிருந்தால் சேகரிப்பாளர் தாமே சாலையில் ஓட்டிக் காட்ட முடியாது. மனத்தெளிவு குன்றினால் தம் சார்பில் விற்பதற்கு மகனுக்கோ மகளுக்கோ அதிகாரம் தரும் நிலையான அதிகாரப் பத்திரத்தை, 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, தெளிவு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்; பயன்படுத்துமுன் அதைப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்த மீறலுக்கான வழக்கை 6 ஆண்டுகள் வரை தொடுக்கலாம். விற்றவர் இறந்தாலும் அது அவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் தொடரும் என்பதால், வாங்கியவர் கையெழுத்திட்ட விவரத் தாளின் ஒரு படியை உயிலோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.