கூட்டிட்டு ஜாயின் பண்ணு, ஜாயின் பண்ணிட்டுக் கூட்டாதே

யாருக்கு எவ்வளவு பாக்கி? கடையோ ஏஜென்சியோ, கணக்கு வேலைக்குப் போனா முதலாளி முதல்ல கேட்கிறது இதைத்தான். பில் ஒரு டேபிள்ல இருக்கும், வரவு இன்னொரு டேபிள்ல இருக்கும். எஸ்க்யூஎல்ல (SQL) ரெண்டையும் ஜாயின் பண்ணி சம் போட்டா வேலை முடிஞ்சதுன்னு தோணும். கணக்கு தப்புறதே அங்கேதான் தங்கச்சி. எரர் எதுவும் வராது, ரிப்போர்ட் அழகா வந்து நிக்கும். அதனாலதான் இதைச் சொல்லியே ஆகணும்னு எழுதுறேன்.

பத்மான்னு ஒரு கஸ்டமர்னு வெச்சுக்கோ. அவங்க பேர்ல ரெண்டு பில், 5,000, 3,000. மூணு தடவை பணம் கட்டியிருக்காங்க, 2,000, 2,000, 1,000. பில் 8,000, வரவு 5,000, பாக்கி 3,000. மனக்கணக்குலயே வந்துடும். இப்போ இதையே கஸ்டமர் ஐடியை வெச்சு நேரா ஜாயின் பண்ணிப் பாரு. ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வரவோடயும் ஜோடி சேர்ந்து ஆறு வரிசை வரும். பில் ஒவ்வொண்ணும் மூணு தடவை விழுந்து 24,000 ஆகும். வரவு ரெண்டு ரெண்டு தடவை விழுந்து 10,000 ஆகும். பாக்கி 14,000! மூவாயிரம் தர வேண்டியவங்ககிட்ட பதினாலாயிரம் கேட்டு போன் போனா அவங்க மனசு என்ன பாடுபடும்?

டிஸ்டிங்க்ட் போட்டு சம் எடுத்தா சரியாயிடும்னு ஆபீஸ்ல யாராவது சொல்வாங்க. கேட்டுக்காதே. பத்மா ரெண்டு தடவை கட்டின 2,000 ஒரே தொகைதானேன்னு அதுல ஒண்ணை அது விட்டுடும். வரவு 3,000ன்னு காட்டும். அவங்க கட்டின காசை நாமளே முழுங்கின மாதிரி ஆயிடும்.

செய்ய வேண்டியது இதுதான். பில் டேபிளைத் தனியா எடுத்து, கஸ்டமர் ஐடி வாரியா குரூப் பை போட்டு சம் எடு. வரவு டேபிளுக்கும் அப்படியே. இப்போ ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரே வரிசைதான் இருக்கும். அதுக்கப்புறம் ரெண்டையும் கஸ்டமர் டேபிளோட ஜாயின் பண்ணு. ஒண்ணுக்கு ஒண்ணா சேரும்போது எதுவும் பெருகாது.

அந்த ஜாயின் லெஃப்ட் ஜாயினா இருக்கட்டும். சாதா ஜாயின் போட்டா, ஒத்தை ரூபா கூடக் கட்டாதவங்க ரிப்போர்ட்லயே வர மாட்டாங்க. நாம முதல்ல தேடறதே அவங்களைத்தானே! லெஃப்ட் ஜாயின்ல அவங்க வரவு நல்னு (NULL, மதிப்பே இல்லைன்னு) வரும். 8,000ல இருந்து நல்லைக் கழிச்சா 8,000 வராது, நல்தான் வரும். கோயலெஸ் போட்டு அதை 0 ஆக்கிட்டுக் கழி. மார்ச் வரைக்குமான வரவு மட்டும் போதும்னா, அந்தத் தேதி கண்டிஷனை வரவைக் கூட்டுற இடத்துலயே போட்டுடு. வெளியில வேர் (WHERE) கண்டிஷன்ல போட்டா, லெஃப்ட் ஜாயின்ல காப்பாத்தின ஆளுங்க மறுபடி காணாமப் போயிடுவாங்க.

எக்செல்ல செய்றவங்களுக்கும் இதே வழிதான். வரவைக் கொண்டுவர விலுக்கப் போடாதே. அது பத்மாவோட முதல் 2,000த்தைக் கண்டதும் நின்னுடும். சம்இஃப்ஸ் போடு. பேரை வெச்சுத் தேடாம ஐடியை வெச்சுத் தேடு. ஊருக்குள்ள ரெண்டு பத்மா இருப்பாங்க, பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்தாலே எக்செல் அதை வேற ஆளா எடுத்துக்கும்.

ரிப்போர்ட்டை அனுப்புறதுக்கு முன்னாடி, பில் டேபிளை எதோடயும் சேர்க்காம ஒரு சம் எடு. ரிப்போர்ட்ல இருக்கிற பில் மொத்தமும் அதுவும் பைசா சுத்தமா ஒத்துப் போகணும். ரிப்போர்ட்ல அதிகமா வந்தா, எங்கேயோ ஜாயின் பெருகியிருக்கு. குறைஞ்சா, கஸ்டமர் டேபிள்லயே இல்லாத ஐடியில ஏதோ ஒரு பில் இருக்கு. அந்த பில் யாரோடதுன்னு கண்டுபிடிச்சு ஐடியைத் திருத்தினதுக்கப்புறம் அனுப்பு.